முகூர்த்தக்காலைப் பிடுங்கிய விவரம்

மோகனூர்,
வெள்ளிக்கிழமை காலை.

ஆத்தூரில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி மணியன் அவர்களுக்கு, மணப்பெண் நர்மதாவின் தகப்பன் அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அமுதவல்லியும் நர்மதாவும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை நிலவனும் நலமாக இருக்கவும், இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவும் குலதெய்வத்தை வேண்டுகிறேன்.

போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் தாங்கள் வைத்துவிட்டால் மீதியை யாரிடம் சொல்வது? ஆகையால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன வாரம் எங்கள் வாசலில் நட்ட முகூர்த்தக்காலை நேற்று நானே பிடுங்கிவிட்டேன். கல்யாணத்தில் எனக்கோ பெண்ணுக்கோ ஒரு குறையும் இல்லை. குறை மருந்தில்தான்.

மூத்தவள் கல்யாணத்துக்கு நட்ட காலில், அவள் மறுவீடு வருவதற்குள் கரையான் ஏறிவிட்டது. அவள் என்னமோ குழந்தை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் சொந்தக்காரர்கள் வாயை அடைக்க முடியவில்லை. இந்த முறை அந்தப் பேச்சே வரக்கூடாதென்று, வேலிக் கம்பங்களுக்குப் போடுகிற பச்சை மருந்தை ஒரு மரக்கடையில் கேன் நிறைய வாங்கிவந்தேன். கடைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு ஊற்றினார், "கை படாம பாத்துக்கங்க" என்றார், கறை பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கலக்க வசதியாகக் கிணற்றோரத்திலேயே குழி வெட்டி, காலுக்கென்று வெட்டிய பால்மரக் கிளையை அதில் ஊறவைத்தேன். மருந்து வீணாகக் கூடாதே என்று பந்தல் கம்பங்களையும் முக்கி எடுத்தேன். மிச்சத்தை மண்ணே குடித்துவிட்டது. கொட்டுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷம் வேறு பட்டேன், சம்பந்தி. கால் நட்டதும் வந்த பெண்கள் எல்லாம், "வாடாம பச்சப்பசேல்னு நிக்குது பாருங்க, புள்ள நல்லா வாழும்" என்றுதான் சொன்னார்கள்.

நேற்று அடுத்த வீட்டு மாரக்காள் தன் கிடாயைப் பந்தல் கம்பத்தில் கட்டிவிட்டுப் பேச வந்தாள். அது கம்பத்தை நக்கு நக்கென்று நக்கிவிட்டு, வாயில் நுரை தள்ளிச் சாய்ந்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஸ்ரீதேவி வந்து ஊசி போட்டுவிட்டு, "கம்பத்துல என்னங்க பூசியிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். எங்கே வைத்துப் பூசினீர்கள் என்றார். அதையும் காட்டினேன். அந்தம்மா கிடாயை விட்டுவிட்டுக் கிணற்றைப் பார்த்தார்.

"இதுல ஆர்சனிக் இருக்குமுங்க. மண்ணுல எறங்கிக் கெணத்துக்குப் போச்சுன்னா குடிக்கறவங்களுக்கு ஆகாது. தண்ணியச் சோதிக்கற வரைக்கும் யாரும் தொடாதீங்க."

எங்களையும் சேர்த்து மூன்று வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர். கல்யாணச் சமையலுக்கும் அதில்தான் இறைக்க இருந்தோம். கம்பங்களைப் பிடுங்கி அடுப்புக்கு விறகாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். புகையும் சாம்பலும்கூட விஷம் என்று டாக்டர் கத்தினார். இப்போது எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன.

பந்தல் கம்பம் போகட்டும், முகூர்த்தக்காலை மட்டும் தொடாதீர்கள் என்று அமுதவல்லி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நர்மதாதான் வந்து அம்மாவின் கையை விலக்கிக் கழுவிவிட்டாள். "கால் இல்லாமக்கூட நான் கட்டிக்கறனுங்கப்பா. அந்தத் தண்ணில சாம்பார் வெச்சு ஊருக்கு ஊத்த வேண்டாங்க" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் பிடுங்கினேன். இதை அபசகுனம் என்று மட்டும் தாங்கள் சொல்லிவிட வேண்டாம், சம்பந்தி. வேறு பால்மரக் கிளை வெட்டி, ஒன்றும் பூசாமல் நடுகிறேன். கரையான் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். தண்ணீர் லாரியில் வரும். கிடாய் எழுந்து தழை தின்கிறது.

இன்னொரு விண்ணப்பம். என்னைப் போன்ற ஆள் கேட்டாலும் இந்த மருந்தைக் கேனில் ஊற்றிக் கொடுக்கிறார்களே, அதை நிறுத்தச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறேன். மொய் மேசைக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு மேசை போடப்போகிறேன். கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் பந்தி. முதல் கையெழுத்துத் தங்களுடையதாக இருக்க வேண்டும்.

எதையும் மறைக்கவில்லை. நடந்ததெல்லாம் எங்கள் வாசலோடு சரி, தங்கள் பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
அப்புசாமி

பி.கு.: உறை ஒட்டப்போகும்போது அமுதவல்லி ஞாபகப்படுத்தினாள். முன்கூட்டியே டெம்போவில் அனுப்பிய சீர்க் கட்டிலுக்கும் அதே மருந்தை இரண்டு கை அடித்திருக்கிறேன். நடுக்கூடத்தில் போட்டு மத்தியானம் தாங்கள்தான் அதில் படுக்கிறீர்கள், முதுகுக்கு இதமாக இருக்கிறதாம் என்று மாப்பிள்ளை சொன்னார். இந்த வரியைப் படிக்கும்போதும் அதில்தான் படுத்திருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து மெதுவாக எழுந்து, குளித்துவிட்டு எனக்குப் போன் செய்யவும்.