பெரட்டில் ஒரு மூச்சு

பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒழுங்காக மூச்சு விடத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவன் எங்கள் தோட்டத்து மூச்சுக்காரன். மற்ற நாங்களெல்லாம் சாகாமல் இருப்பதற்காகக் காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. ஈப்போவிலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் தூரத்து ரப்பர் தோட்டம். நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டினோம், அதாவது பாலுக்காகப் பட்டை சீவினோம். அவனுக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர் இருந்தது. காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கத் தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடும்போது மட்டும் அது காதில் விழும். இப்போது மறந்துவிட்டது.

அவன் ஜெபம் செய்யும் விதமே தனி. மண்டியிடமாட்டான், கண்ணை மூடமாட்டான். மூச்சை இழுக்கும்போது மனசுக்குள் "யேசுவே". விடும்போது "இரங்கும்". சோறு தின்னும்போதும் இதே, ஆற்றில் குளிக்கும்போதும் இதே. கொசு மூக்கில் நுழைந்தால் அதற்கும் சேர்த்து இரக்கம் கிடைக்கும்.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் ஏன்டா இப்படி என்று கேட்டேன்.

"மண்ணு பொம்ம மூக்குல ஊதித்தானண்ணே ஆண்டவரு உசிரு குடுத்தாரு. இன்னும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்காரு. பேரு சொல்லாம வாங்குனா மரியாதையில்லலா."

மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற என்னிடம் சொல்கிறான். போடா என்றேன்.

ஆனால் அவன் வெட்டிய மரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு இழுப்பு. "இரங்கும்" முடியும்போது உளி வெட்டின் கடைசியில் நிற்கும். சீவல் வெங்காயத் தோல் மாதிரி விழும். மரத்தில் ஒரு காயம் இருக்காது. என் மரங்களோ கரடி பிறாண்டியது போலிருக்கும். கோபக்காரன் கை அப்படித்தான் வெட்டும்.

வம்பு பெரட்டில்தான் வந்தது. கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் ஈ நுழைய இடம் விடமாட்டார். அவர் கூப்பிடும்போது மூச்சுக்காரன் பாதி மூச்சில் இருப்பான். ஜெபத்தை நடுவில் முறிக்க அவனுக்கு மனம் வராது. மூச்சு முடிந்து அவன் "இருக்கேங்கய்யா" என்பதற்குள் கிராணி மூன்று பேரைத் தாண்டியிருப்பார். ஆள் இல்லை என்று எழுதி கூலி இல்லாமல் லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரே வாரத்தில் நாலு தடவை.

கடைசியில், "உவனுக்கு விசர் முத்திப் போச்சு" என்று வெள்ளைக்காரத் துரையிடம் போய்ச் சொன்னார். விசர் என்றால் அவர் ஊரில் பைத்தியம். பைத்தியம் என்றால் எங்கள் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி. மறுநாள் காலையில் துரையே வந்து பார்ப்பார், பைத்தியம்தான் என்று பட்டால் அப்படியே வண்டியில் ஏற்றிவிடுவது என்று முடிவானது. அங்கிருந்து திரும்பக் கூட்டிவர மூச்சுக்காரனுக்கு ஒருவரும் கிடையாது.

அன்று சாயங்காலம் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"இந்தா பாரு, நாளைக்குத் தொர முன்னால நீ மூச்சு விடக்கூடாது."

இந்த ஜெப சமாச்சாரத்தைப் பற்றி வாய் திறக்காதே என்று அர்த்தம். தமிழ் தெரிந்த எவனுக்கும் புரியும்.

"அது கஷ்டமாச்சேண்ணே."

"கஷ்டமோ நஷ்டமோ, விட்ட, ஒதைப்பேன்."

மறுநாள் துரை அவன் முன்னால் வந்து நின்றார். மூச்சுக்காரன் விறைத்து நின்றான். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. முகம் மங்குஸ்தான் பழத்தோல் நிறத்துக்குப் போனது. துரை கேட்கக் கேட்க உதட்டை இன்னும் இறுக்கினான். கடைசியில் அவர் பூட்ஸ் மேலேயே சாய்ந்து விழுந்தான்.

கீழே கிடந்தவன் ஓசையோடு காற்றை இழுத்தான். "யேசுவே" என்று முதல்முறையாக அது எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு "இரங்கும்."

துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். "ஏன் நீ மூச்சு விடலே?"

"விடக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிச்சுங்க தொர. விட்டா ஒதைக்குமாம்." கை என் பக்கம் நீண்டது.

துரை பார்த்த பார்வையில், வண்டியில் என்னைத்தான் ஏற்றுவார் போலிருந்தது. ஜெபம், பாதி மூச்சு, பெரட்டு என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். வண்டி நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் நேரே அவன் நிரைக்குப் போனார். பட்டையைத் தடவிப் பார்த்தார். அடுத்த மரம், அதற்கும் அடுத்த மரம். தவறி என் நிரைக்குள் கால் வைத்தவர் முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

கிராணியிடம் சொன்னார்: "இவன் பேரு கூப்பிடு. ஒரு மூச்சு நில்லு. அப்புறம் எழுது."

அன்றிலிருந்து தினமும் பெரட்டு ஒரு மூச்சு நேரம் நின்றது. லயத்து ஆட்கள் அத்தனை பேரும், வேலை வாங்கும் தண்டலும், தண்டலின் நாயும் காத்திருப்போம். கிராணி முதலில் பல்லைக் கடித்தார். ஒரு மாதத்தில் அவர் நெஞ்சும் அவனோடு சேர்ந்து ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். கேட்டதற்கு, "சும்மா போடாப்பா" என்றார்.

மூன்று வருஷம் கழித்து மூச்சுக்காரனை மலேரியா கொண்டுபோனது. பெரட்டுப் புத்தகத்தில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். மறுநாள் கிராணி அவனுக்கு முந்தின பெயரைக் கூப்பிட்டார். ஆள் பதில் சொன்னான். அவன் பெயர் போனதால் அடுத்தது என் பெயர். கிராணி கூப்பிடவில்லை. ஒரு மூச்சு நேரம் நின்றார்.

நான் மாரியம்மன் பக்தன். அந்த நேரத்தில் அவனுக்காக எந்தப் பெயரைச் சொல்லிக் காற்றை இழுத்தேன் என்று இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.