ஓதிய டீசல்

வயல் எங்கள் கையை விட்டுப் போக இன்னும் ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணி. ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குள் உழுது முடிக்காவிட்டால் நாலு ஏக்கரையும் வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாக வயலின் சொந்தக்காரரான போடியார் சொல்லிவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. உழவு மெசின்தான் வயலில் இல்லை. அது தோப்பூர்ச் சந்தியில், பேயோட்டும் வரிசையில், பதினேழாவதாக நின்றது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஐப்பசி. அந்த மாதம் தோப்பூரில் மெக்கானிக்குகள் ஈ ஓட்டினார்கள். எல்லோரும் சோமசேகரத்திடம் போனார்கள். மனிதருக்குக் குறி சொல்பவர்களை நாங்கள் முன்பே கண்டிருக்கிறோம். சோமசேகரம் மெசினுக்குக் குறி சொன்னார். கைரேகை பார்ப்பதில்லை, புகைக்குழாயைப் பார்ப்பார்.

கறுப்புப் புகை என்றால் செய்வினை. வெள்ளைப் புகை என்றால் செத்துப்போன உறவினர் ஒருவர் உள்ளே குந்தியிருக்கிறார். நீலப் புகை என்றால் கண்ணூறு. புகையே வராத மெசினுக்கும் அவரிடம் பதில் இருந்தது: பேய் நித்திரை.

குச்சவெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மெசினை அவ்வளவு தூரம் கொண்டுவர ஏலாது என்று புகையை ஒரு போத்தலில் பிடித்து, மூடியை மெழுகால் ஒட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சோமசேகரம் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"மாமியார்," என்றார்.

வந்தவர் விம்மி அழுதார். மாமியார் உயிரோடு இருந்தபோது அழுதிருக்க மாட்டார்.

நோய் எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். தொட்டியில் உள்ள டீசலில் தீட்டு ஏறிவிட்டது. அதை முழுவதும் அவருடைய கறுப்புப் பீப்பாவில் ஊற்றிவிட வேண்டும். மெசின் நிறைந்த தொட்டியோடு வர வேண்டும். அரைத் தொட்டி என்றால் மிச்ச இடத்தில் பேய் ஒளிந்துகொள்ளுமாம். ஊற்றும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவரும் திருப்பிக்கொள்வார். தீட்டைப் பார்த்தவர் கண்ணில் பேய் ஏறும். ஊற்றி முடிந்ததும் ஒரு போத்தல் ஓதிய டீசல் கையில் கொடுப்பார். வெருகல் ஆற்று மணலில் நாற்பத்தொரு நாள் புதைத்து எடுத்ததாம்.

ஒரு தொட்டி போகும். ஒரு போத்தல் வரும். தீட்டு டீசல் எங்கே என்று கேட்டால், இரவோடிரவாக மூதூர்க் கடலில் ஊற்றிவிட்டேன் என்பார். மூதூர் மீன்கள் முறைப்பாடு செய்ததாகத் தகவல் இல்லை.

அப்போது டீசலுக்குப் பெரிய தட்டுப்பாடு. மூதூரில் விடியும் முன்னே வரிசையில் நின்று வாங்கியதைத் தோப்பூரில் இன்னொரு வரிசையில் நின்று ஊற்றினார்கள். ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை.

எங்களுடையது இரண்டு சில்லு உழவு மெசின். கறுப்புப் புகை. புதன்கிழமையே ஒரு தொட்டி ஊற்றினோம். சோமசேகரம் மெசினில் ஒரு மந்திர நூலையும் கட்டிவிட்டார். ஓதிய டீசல் ஓடி முடிந்தபோது புகை முன்னையை விடக் கறுத்திருந்தது.

"பிடிவாதமான பேய்," என்றார் சோமசேகரம். "வெள்ளிக்கிழமை இன்னொரு தொட்டி."

நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஆசிரியர் நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் பேசுவேன். வியாழக்கிழமை வாப்பாவிடம் பேசிப் பார்த்தேன்.

"வாப்பா, கறுப்புப் புகை எண்டா மெசினுக்குக் காத்துக் காணாது. டீசல் அரைகுறையா எரியுது. காத்துப் போற குடுவையக் கழட்டிப் பார்ப்பமா?"

"நூல் கட்டின மெசின், மகள். நட்டுக் கழட்டுற சாவி படக் கூடாதாம். இரும்பு இரும்பத் தொட்டா பேய் வயலுக்குள்ள இறங்கிருமாம்."

"ஆரு சொன்ன?"

"சோமசேகரம் ஐயாதான்."

"அவருக்கு மெசின் தெரியுமா?"

"மெக்கானிக்குக்குப் பேயத் தெரியுமா?" என்றார் வாப்பா.



வாப்பாவின் பெயர் அபூதாஹிர். ஒருவரையும் ஏமாற்றாதவர். அதனால் தன்னையும் ஒருவரும் ஏமாற்றமாட்டார்கள் என்று கணக்குப் போட்டவர்.

வெள்ளிக்கிழமை வரிசையில் எங்களுக்கு முன்னால் இராசதுரை அண்ணன் நின்றார். பக்கத்து வயல்காரர். அவருடைய மெசின் வெள்ளையாகப் புகைந்தது. இயந்திரத்தின் மேல் ஒரு சுருட்டைப் படையலாக வைத்திருந்தார்.

"உள்ளுக்கு எங்கட அப்பர்தான், நானா," என்றார் வாப்பாவிடம். "சாகும்வரைக்கும் சுருட்டைக் கைவிட்டவரில்ல. அந்தப் புகைதான் இது."

டீசலில் தண்ணீர் கலந்தாலும் புகை வெள்ளையாகத்தான் வரும். அவர் வீட்டு டீசல் பீப்பா மூடியில்லாமல் மழையில் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். சொல்ல வாய் வந்தது. சத்தம் வரவில்லை.

எங்கள் முறை வந்தது. அன்று தொட்டியை நிரப்பியது நான். எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். சோமசேகரமும் திருப்பினார். குழாய் வழியாக எங்கள் டீசல் பீப்பாவுக்குள் இறங்கியது. ஒரு போத்தல் கிடைத்தது. ஓட்டினோம். புகை மாறவில்லை.

"நாளைக்குக் கடைசித் தடவை," என்றார் அவர். "பேய் அரைவாசி செத்துப் போச்சு." மெசினைச் சந்தியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கான் டீசல். உழவுக்கென்று உம்மா குசினிக்குள் பூட்டி வைத்தது. அதையும் ஊற்றிவிட்டால் பேய் போனாலும் உழ ஒன்றும் இராது. சனிக்கிழமை காலை வாப்பா அந்தக் கானைத்தான் தூக்கினார். உம்மா வாசலில் நின்று பார்த்தார். நானும் கூடப் போனேன்.

பத்து மணி. சந்தி நிறைய ஆட்கள். சோமசேகரம் சாக்கைத் திறந்து முதல் போத்தலை வெளியே எடுத்தார்.

டீசல் சிவப்பாக இருந்தது.

அடுத்த போத்தலும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. சோமசேகரத்தின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் அது, குறி கேட்க வந்த மனிதனின் முகம் போல இருந்தது. ஒரு கணம்தான். கெட்டிக்காரர். போத்தலை வெயிலுக்கு நேரே உயர்த்தினார்.

"கண்டீங்களா! பேயிட ரத்தம்! நேற்று ராத்திரி வெட்டினனான்!"

கூட்டம் முண்டியடித்தது. ஒருவர் அழுதார். ஒருவர் போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த இடத்திலேயே விதி மாறியது: இனி இரண்டு தொட்டிக்கு ஒரு போத்தல்.

"வாப்பா," என்றேன். "கானை ஊத்த முந்தி அந்தச் சிவப்பில ஓட்டிப் பார்ப்பம்."

வாப்பாவுக்கு மட்டும்தான் கேட்டது. அவர் அதை உரத்துச் சொன்னார். சோமசேகரத்துக்குச் சந்தோஷம்.

"ஓட்டட்டும்! ஊர் பார்க்கட்டும்!"

ஒரு போத்தல் சிவப்பை ஊற்றி, வாப்பா மெசினைச் சுழற்றினார். மெசின் பிடித்தது. தார் போலப் புகை. முன்வரிசை இருமியது.

"பேய் வெளிக்கிடுது," என்றார் சோமசேகரம்.

ஐந்து நிமிடம் வெளிக்கிட்டது. முடிவதாக இல்லை. நான் மெசினை நிற்பாட்டினேன். காற்றுக் குடுவையில் கை வைத்தேன்.

"சாவி படக் கூடாது!" என்று சோமசேகரம் கத்தினார்.

விரித்த கையைக் காட்டினேன். சாவி இல்லை. அந்தக் குடுவைக்குச் சாவி தேவையும் இல்லை. கையால் திருகுகிற நட் ஒன்றுதான் அதைப் பிடித்திருந்தது. அதன் மேல்தான் அவர் நூலைக் கட்டியிருந்தார். நூலைக் கழற்றி, நட்டைத் திருகி, குடுவையைத் தரையில் கவிழ்த்துத் தட்டினேன்.

பேய் விழுந்தது. போன போகத்தில் நெல் சூடடித்தபோது பறந்த பதர் இரண்டு பிடி. கோழி இறகு மூன்று. பஞ்சும் சாக்கு நூலும் வைத்துக் கட்டிய ஓர் எலிக்கூடு. காற்றுப் போக ஊசி வழிகூட இருக்கவில்லை. துணியால் துடைத்து, வலையைத் தட்டி, திரும்பப் பூட்டினேன்.

வாப்பா சுழற்றினார். தொட்டியில் அதே சிவப்பு டீசல். மெசின் இரண்டு தடவை செருமியது. பிறகு ஒரே சீராக ஓடியது. புகைக்குழாய்க்கு மேலே வானம் தெரிந்தது.

இனி எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்தேன். அதுதான் என் பிழை.

"ஐயா! பேய் போயிற்று ஐயா!" என்று இராசதுரை அண்ணன் கூவினார். சோமசேகரத்தைத் தோளில் தூக்க நாலு பேர் ஓடினார்கள். எலிக்கூட்டை ஒருவரும் பார்க்கவில்லை. மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

"எல்லாம் இந்தச் சிவப்புச் செய்த வேலை," என்றார் சோமசேகரம் தோளிலிருந்து.

வாப்பாவின் கண் கலங்கியிருந்தது. அவர் கானைத் தூக்கிக்கொண்டு பீப்பாவுக்குப் பக்கத்தில் போனார்.

"ஐயா, வயலத் தந்தீங்க. இதயும் நன்றிக்காக உங்கட பீப்பாவுல ஊத்துறன்."

மூடியைத் திறந்துவிட்டார். கூட்டம் வழக்கப்படி முகத்தைத் திருப்பியது. எல்லா முதுகும் என் பக்கம். ஒரு முகமும் என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு வசதியாகிவிட்டது.

"ஐயா," என்றேன். "நேற்று ஊத்தின தீட்டு டீசல் எங்க?"

"கடலில பிள்ளை."

"கொஞ்சமும் மிச்சமில்லியா?"

"ஒரு சொட்டும் இல்லை."

"ஓதின டீசலில அது கலந்திருக்குமா?"

"என்ன கதை இது? அது தீட்டு, இது ஓதினது. ஒரு சொட்டுக் கலந்திருந்தாலும் என்ர நாக்கு அழுகட்டும்!"

"பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல ஐயா."

அவர் இன்னும் உரத்துச் சொன்னார். சந்தி முழுவதும் கேட்டது.

"அசனாத் தங்கச்சி," என்றார் இராசதுரை அண்ணன். "படிச்சனீ எண்டு ஐயாவக் குறுக்கு விசாரணை செய்யாத. பேயிட ரத்தத்த எல்லாரும் கண்ணால கண்டம்."

இப்போது முகங்கள் என் பக்கம் திரும்பின. வாப்பாவின் கையில் கான் சரியத் தொடங்கியிருந்தது.

"கானை நிமித்திப் பிடிங்க வாப்பா," என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "அது ரத்தமில்ல. வேம்பாளம்பட்டை. தலைக்கு எண்ணெய் காய்ச்ச நாட்டு மருந்துக் கடையில விக்கிறது. எண்ணெயில ஊறினாச் சிவக்கும், டீசலில ஊறினாலும் சிவக்கும். வியாழக்கிழமை ராத்தல் கணக்கில வாங்கி ஊறப்போட்டு, வெள்ளிக்கிழமை எங்கட தொட்டியில ஊத்தினது நான். அந்தத் தொட்டி இவர்ர பீப்பாவுக்குள்ள போனது. கடலுக்குப் போகல்ல. ராத்திரி இருட்டுக்குள்ள போத்தலில அடைச்சதால நிறம் இவருக்கே தெரியல்ல. உங்கட கையில இருக்கிறது உங்கட டீசல்தான். பட்டையத் தலைக்கு வெளியால பூசுறம். தலைக்குள்ள இருக்கிறதயும் இனியாவது பாவியுங்க."