வால்நட் டப்பாவுக்கு உரியவர்

டப்பா திரும்பி வந்துவிட்டது.

"சீட்டுல கிடந்துச்சு சார்," என்று கண்டக்டர் அதை மேசைமேல் வைத்தார். "யாரோ தினமும் விட்டுட்டு இறங்குறாங்க. என்ன ஜென்மமோ."

பஸ் நிலையத்தின் தவறவிட்ட பொருள்கள் பிரிவுக்குப் பொறுப்பாளரான அவர், டப்பாவை எடுத்து, எண் ஒட்டி, அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே அதே மாதிரி டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றிலும் வால்நட். கண்டக்டர் சொன்ன ஜென்மம் அவரேதான்.

ஊரில் யார் எதை மறந்தாலும் அவரிடம்தான் வரும். குடை, செருப்பு, ஒரு தடவை பல்செட். அப்பேர்ப்பட்டவர் போன மாதம் பிரிவின் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். பூட்டை உடைக்கவேண்டியதாயிற்று.

"இன்னொரு தடவை எதையாவது மறந்தீங்கன்னா, பஸ் கழுவுற வேலைக்கு அனுப்பிடுவேன்," என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினை.

"வால்நட் சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "மூளை மாதிரியே இருக்கு பாருங்க. ஞாபகசக்திக்கு அவ்வளவு நல்லது. இதயத்துக்கும் நல்லது. ராத்திரி நல்லா தூக்கம் வரும்."

"தூக்கம் எனக்கு ஆபீஸ்லயே நல்லா வருது."

"பேசாம சாப்பிடுங்க."

வாயில் போட்டால் கதவுக் கட்டையை மென்ற மாதிரி ஒரு கசப்பு. குப்பையில் போடவும் மனசு வரவில்லை. யாராவது எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினார். பாவி கண்டக்டர் நாணயஸ்தர். டப்பா நேராக அவர் மேசைக்கே வந்தது.

"டப்பா எங்கங்க?" என்றாள் மனைவி மாலையில்.

"மறந்துட்டேன்."

"பாத்தீங்களா, மறதி முத்திப் போச்சு," என்று மறுநாள் இரண்டு பங்கு வைத்தாள். அதையும் பஸ்ஸில் விட்டார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டு டப்பாவைவிட வால்நட் டப்பா பெரிதாக இருந்தது.

மேலதிகாரி ஒருநாள் பிரிவைப் பார்க்க வந்தார். அலமாரியைக் கண்டதும் நின்றார்.

"இதெல்லாம் யாரோடது?"

"தெரியல சார்."

"மைக்குல சொல்லுங்க. வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

"வால்நட் டப்பாக்களைத் தவறவிட்ட பயணி உடனே வரவும்," என்று அவர் தன் வாயாலேயே அறிவித்தார். எவன் வரப்போகிறான் என்ற தைரியம்தான். அன்றைக்கென்று பார்த்து, கடைத்தெருவுக்கு வந்திருந்த மனைவி, சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்று நிலையத்துக்கு வந்திருந்தாள்.

"இது எங்க வீட்டு டப்பா," என்று உள்ளே நுழைந்தாள். "இவர் மறந்தது."

மேலதிகாரி திரும்பினார். "மறந்தீங்களா?"

மறந்தேன் என்றால் வேலை போயிற்று. மறக்கவில்லை என்றால் வீட்டில் தொலைந்தார். இன்னொரு டப்பாவோடு வந்த கண்டக்டர் வேறு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறக்கல சார். கசக்குது. வேணும்னேதான் விட்டேன். ஒரு நாள்கூட விடறதுக்கு மறந்ததில்ல."

மேலதிகாரி யோசித்தார். "அப்ப ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. வேலையப் பாருங்க."

வேலை தப்பியது. மாலையில் மனைவி டப்பாக்களையெல்லாம் வாரிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினாள்.

"கசக்குதுன்னு சொன்னா நான் என்ன கழுத்தையா நெரிச்சிருப்பேன்?" என்றாள். கிடைத்த ஒரே இடத்தில் உட்கார்ந்து, மடியில் டப்பாக்களை வைத்துக்கொண்டாள். "காசு போட்டு வாங்கினது. நானாவது திங்கறேன்."

கோபத்தில் ஒரு டப்பாவைக் காலி செய்தாள். கொட்டாவி வந்தது.

"கொஞ்சம் கண்ணை மூடறேன். நம்ம நிறுத்தம் வந்தா எழுப்புங்க."

"நான் மறப்பேனா?"

கூட்டம் அவரைப் பின்வாசல்வரை தள்ளிக்கொண்டு போயிற்று. மேலதிகாரியே சர்டிபிகேட் கொடுத்துவிட்டாரே என்ற நிம்மதியில், தன் நிறுத்தத்தில் இறங்கிக் கைவீசி நடந்தார்.

பின்னால் விசில் சத்தம் கேட்டது. பஸ் நின்றது. ஒரு ஜன்னலில் தூக்கம் கலைந்த மனைவி. அதற்கடுத்த ஜன்னலில், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மேலதிகாரி. இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்:

"சார், வீட்டம்மாவ சீட்டுலயே விட்டுட்டுப் போறீங்களே, இது மறந்ததா, இல்ல இதுவும் வேணும்னேதானா?"