பிரேக் ஜோசியரின் வலது கால்

புதுக்கோட்டையில் பிரேக் ஜோசியரை ஏமாற்றிய ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பட்டப்பகலில், கீழ ராஜ வீதியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனதற்குக் காரணம் நான். அவருக்குத் தெரியாமல் அதன் பிரேக்கை மாற்றி வைத்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வக்கீலாகப் பதிவு செய்து அதிக நாளாகவில்லை. சட்டம் படித்தவன் என்பதால் நான் செய்த காரியத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஜோசியர் கீழ ராஜ வீதியில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். கடைப் பலகையில் 'ஆட்டோ ஸ்டோர்ஸ்' என்பது மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் இருந்த பெயரைத் துரு தின்றுவிட்டது. யாரும் அதைத் தேடவுமில்லை. பிரேக் ஜோசியர் கடை என்றால் மணமேல்குடியில் மீன் ஏற்றுகிற லாரிக்காரர்கூட வழி சொல்லுவார்.

அந்தக் காலத்து வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஓர் இரும்பு டிரம் இருக்கும். பிரேக்கை மிதித்தால் உள்ளே உள்ள இரண்டு ஷூக்கள் விரிந்து அந்த டிரம்மைப் பிடிக்கும். ஷூவின் மேல் ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கும் பட்டைக்கு லைனிங் என்று பெயர். மற்ற கடைகளில் லைனிங் வாங்குவது வெற்றிலை வாங்குகிற மாதிரிதான். "ஒரு செட் குடுங்க" என்றால் கொடுத்துவிடுவார்கள். ஜோசியரிடம் அது நடக்காது. வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து முதலில் விசாரணை.

"பஸ்ஸு கிளம்பிருச்சு. ஓடிப்போய் ஏறுவீங்களா, அடுத்த பஸ்ஸுக்கு நிப்பீங்களா?"

"ஓடித்தாங்க ஏறுவேன்."

"கொழம்பு கொதிக்கக் கொதிக்க எலைல ஊத்துறாங்க. ஆறவிட்டுத் தின்பீங்களா, அப்படியேவா?"

"பசி நேரத்துல ஆற வைக்கவா முடியும்?"

"அப்ப ஒங்களுக்கு சாஃப்ட் லைனிங். மிதிச்ச ஒடனே பிடிக்கும். சீக்கிரம் தேயும். தேயட்டும், நீங்க தேயாம இருந்தாப் போதும்."

ஆவூர்ப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பாதிரியார் ஒருவரிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. "சாமி, நீங்க ஆண்டவரை நம்பி ஓட்டுறவரு. இருக்கிறதுலயே சாஃப்ட்டா போட்டுருவோம். அவருக்கும் கொஞ்சம் வேலை கொறையும்" என்றார். பாதிரியார் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். ஒரு நெல் மில் முதலாளி மட்டும் வந்து நின்று, "வெலையைப் பத்திக் கவலை இல்ல, ஒசந்த லைனிங்கா எடுங்க" என்றபோது, அவருடைய டிரைவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு லைனிங் வேணாம்ங்க, டிரைவரை மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார். டிரைவர் அங்கேயேதான் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போது ஒரு காட்சி நடக்கும். கடை வாசலில் வீதிக்குக் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு. ஜோசியர், பேபி கார் என்று சொல்லுகிற தன் குட்டிக் காரில் வருவார். பக்கத்து சீட்டில் யாராவது ஒரு வாடிக்கைக்காரர், கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் மோர். காரின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டு நிற்கும். மோர் ஒரு சொட்டுச் சிந்தாது. வாடிக்கைக்காரர் அதைக் குடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போகிறவர்கள் அநேகம் பேர்.

என்னிடமும் அதே மாதிரி பேபி கார் ஒன்று இருந்தது, அப்பாவுடையது. வக்கீல் தொழிலில் வருமானம் இல்லாததால் கார் பந்தயத்தில் பெயர் வாங்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். காரைக்குடிப் பக்கம் யுத்தகாலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கே எங்களைப் போன்ற சில மோட்டார் பைத்தியங்கள் சேர்ந்து, தார் டின்களை அடையாளத்துக்கு வைத்துப் பந்தயம் விடுவோம். அதற்கு ஒரு லைனிங் கேட்டு ஜோசியரிடம் போனேன்.

"ரோட்டுலயும் ஓடணும், பந்தயத்துலயும் ஓடணும். ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு குடுங்கண்ணே."

"கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சமையலா தம்பி? சாஃப்டு போட்டுப் பந்தயம் விட்டா, நாலு தடவ மிதிச்சதும் சூடேறி வழுக்கும். பந்தயத்துக்கு இந்தா, இந்தக் கட்டை லைனிங். சூடேற ஏறத்தான் பிடிக்கும். ஆனா சூடேறாம பச்சையா இருக்கும்போது நீ மிதிச்சாலும் அது கேக்காது. பந்தயம் முடிஞ்ச அன்னைக்கே கழட்டிரணும். வீதியில இதோட வந்தே, வண்டியை நானே பிடுங்கி வச்சுக்குவேன்."

கொடுத்ததோடு நிற்காமல் பந்தயத்துக்கும் வந்துவிட்டார். புறப்படுவதற்கு முன் நாலைந்து தடவை லேசாக மிதித்துச் சூடேற்றிக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் பார்க்க வந்திருந்த கூட்டத்துக்குக் கையசைத்ததில் அதை மறந்தேன். முதல் வளைவிலேயே தார் டின்னைத் தள்ளிக்கொண்டு உடைமரக் காட்டுக்குள் போய் நின்றேன். முள்ளிலிருந்து என்னை உருவி எடுத்த பிறகு, வேடிக்கை பார்க்க வந்திருந்த என் சீனியர் வக்கீலிடம் ஜோசியர் சொன்னார்: "ஒங்க ஜூனியருக்குப் பொருத்தமா என்கிட்ட லைனிங்கே இல்லீங்க. யாரு பாக்குறாங்கன்னு பாத்துட்டு, அப்புறமாத்தான் இவரு பிரேக்கு போடுவாரு."

சீனியர் அதை மறுநாளே கோர்ட்டில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் வாதாட எழுந்தாலே யாராவது பின்னால் திரும்பி, "யாரு பாக்குறாங்க?" என்பார்கள். குமாஸ்தாக்கள்கூடச் சிரித்தார்கள். ஜோசியர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

பிரேக் ஜோசியரை வீதியில் ஒரு தடவையாவது நிற்காமல் போகவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவருடைய கார் ஒரு சனிக்கிழமை கிரீஸ் அடிக்க, அதே வீதிக் கோடியில் இருந்த அருளப்பன் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. திங்கட்கிழமை அங்கிருந்து நேரே கடைக்கு வரும், நடுவில் பிரேக் போட வேண்டிய இடமே இல்லை. ஞாயிறு காலை அருளப்பன் பூசைக்குப் போயிருந்தார். ஊரில் ஒரு பாதி சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஜோசியரின் நான்கு சக்கரங்களிலும் இருந்த ஷூக்களைக் கழற்றிவிட்டு என் பந்தய ஷூக்களை மாட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு நானும் கோயிலுக்குப் போனேன்.

திங்கட்கிழமை டீக்கடையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அன்று மோர் டம்ளருடன் பக்கத்து சீட்டில் இருந்தவர் மணமேல்குடிப் பக்கத்து பஸ் முதலாளி. தன்னுடைய பஸ்கள் எல்லாவற்றுக்கும் இனி லைனிங் இங்கேயே வாங்கலாமா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். அந்த ஆர்டர் கிடைக்கும் என்று நம்பித்தான் ஜோசியர் கடையையே நடத்திக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

கார் வந்தது. கோட்டைத் தொட்டது. கோட்டைத் தாண்டியது. டீக்கடையையும் தாண்டியது. முதலாளியின் குரல் எங்களுக்குக் கேட்டது.

"என்னங்க, கடை அங்கிட்டு இல்ல இருக்கு?"

"தெரியும்ங்க. ஊரைச் சுத்திக் காட்டலாம்னுதான்."

என்ஜினை அணைத்து நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிரேக் ஜோசியர் என்ஜினை அணைத்து வண்டியை நிறுத்தினார் என்ற பேச்சுடன் அவர் ஊரில் எப்படி நடமாடுவது? அவர் மிதித்த மிதியில் பிரேக் இருந்தால் பிடித்திருக்கும். கார் தேர் மாதிரி தெற்கு ராஜ வீதி, மேல ராஜ வீதி என்று திரும்பிப் போனது. டீக்கடையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கார் போன வழியைப் பார்த்தபோது, வீதி ஓரத்தில் இடுப்பில் பிள்ளையுடன் ஒரு பெண் சாக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் நிற்கும் என்று நினைத்துக் குறுக்கே வந்தவள். அவளுடைய ஒற்றைச் செருப்பு வீதி நடுவில் கிடந்தது. என் சிரிப்பு அங்கே நின்றது.

அடுத்த சுற்றுக்குக் கார் வருவதற்கு முன்பே தீய்ந்த வாசனை வந்தது. நான்கு வீதியும் மிதித்துக்கொண்டே வந்ததில் லைனிங் நன்றாகச் சூடேறியிருந்தது. இது ஜோசியருக்குத் தெரியாது. இந்தத் தடவை விடக்கூடாது என்று கோட்டுக்கு வெகு முன்னாலேயே இரண்டு காலாலும் ஏறி மிதித்தார். கார் சுவரில் மோதியது போல் நின்றது. மோர் முழுவதும் பஸ் முதலாளியின் முகத்திலும் பட்டுக்கரை அங்கவஸ்திரத்திலும் இருந்தது.

முதலாளி இறங்கி, முகத்தை நிதானமாகத் துடைத்தார். "நிக்கச் சொன்னா போகுது, போகச் சொன்னா நிக்குது. இப்படி ஒண்ணு வீட்டுல ஏற்கெனவே என் மச்சினன் இருக்கான், அது போதுங்க எனக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

ஜோசியரும் இறங்கினார். காரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாலு பேர் அதை ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளியதில் நானும் ஒருவன். அருளப்பன் சாப்பிடப் போன நேரத்தில் பழைய ஷூக்களைத் திரும்ப மாட்டினேன். அதுதான் முதல் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். மறுநாள் ஜோசியர் வந்து சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, தானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த லைனிங் கொஞ்சமும் குறையில்லாமல் இருந்தது.

"லைனிங் நல்லாத்தான் இருக்கு அருளப்பா" என்றாராம். "என் காலுதான் போச்சு."

பிரேக் சாமான் எல்லாவற்றையும் திருச்சி வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டார். அடுத்த மாதம் கடையில் ஹாரன் மட்டும் தொங்கியது. ரப்பர் பந்து ஹாரன், மின்சார ஹாரன், எருமை மாதிரி கத்துகிற லாரி ஹாரன். யார் வந்தாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். "நிக்கத் தெரியாதவன் சத்தமாச்சும் போடணும்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார். காரை எடுப்பதில்லை. எங்கு போனாலும் நடைதான்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாயிற்று. ஒருநாள் தெற்கு ராஜ வீதி முனையில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தார். வைத்தியர் நாடி பார்ப்பது போல் தன் காலையே பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

நேரே வீட்டுக்குப் போய், அந்தப் பந்தய ஷூக்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். ஹாரன்களுக்கு நடுவில் வைத்துப் பிரித்தேன்.

"அன்னைக்கு ஒங்க வண்டியில இருந்தது இதுதாண்ணே. நான்தான் மாட்டுனேன். நான்தான் கழட்டுனேன்."

அவர் ஒரு ஷூவை எடுத்து நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"முன்னாடியா, பின்னாடியா?"

"நாலுலயும்."

ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "அதான் ரெண்டாவது சுத்துல பிடிச்சிருக்கு! சூடுடா, சூடு! என் காலுக்கு ஒண்ணும் இல்லடா!" கையில் அகப்பட்ட லாரி ஹாரனை எடுத்து ஒரு முழக்கு முழக்கினார். வீதியில் போன குதிரை வண்டி மிரண்டது. அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்டா செஞ்ச?"

"சீனியர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்கள்ல."

"நான் சொன்னது பொய்யா?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்னடா?"

 ஊரைக் கூட்டி ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பிரேக் வியாபாரம் திரும்ப ஆரம்பமாகும். சனிக்கிழமைதோறும் நான் வந்து உட்கார வேண்டும். யார் லைனிங் கேட்டு வந்தாலும், பச்சை லைனிங் எப்படிப் பிடிக்காது என்பதற்கு என் கதையை நானே சொல்ல வேண்டும்.

சொன்னேன். "இவரு வக்கீலு. என்ன செஞ்சாருன்னு அவரே சொல்லுவாரு. சொல்லுங்க தம்பி" என்று ஆரம்பித்துவைப்பார். லாரி டிரைவர், திருவரங்குளத்துப் பண்ணையார், கோர்ட்டில் ஜப்திக்குப் போகிற அமீனா என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தேன். வாடிக்கைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "மெதுவாப் படுத்துக்கிட்டே சொல்லுங்க தம்பி, அவசரமில்ல."

மணமேல்குடிக்கும் போனேன். பஸ் முதலாளியிடம் நான் ஆரம்பித்ததுமே, "அவரு கடையில வச்சு, அவரு முன்னாடி சொல்லு. அப்பக் கேக்குறேன்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை வந்தும் விட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் உட்பட. அந்த இடத்தில் முதலாளி எழுந்துவிட்டார்.

"படிச்சவன் செய்யிற வேலையாடா இது? ரோட்டுல பிள்ளைகுட்டி நடக்குது, ஒன்னையெல்லாம்..." கையை ஓங்கிவிட்டார். நான் நகரவில்லை. விழட்டும் என்றுதான் இருந்தது.

ஜோசியர் எழுந்து வந்து நடுவில் நின்றார். "முதலாளி, உக்காருங்க. இவரைத் திட்டுறதுக்கு நான் ஒரு ஆளு இருக்கேன். அது போதும்."

முதலாளி அன்று ஒரே ஒரு பஸ்ஸுக்கு மட்டும் ஆர்டர் கொடுத்தார். அந்த பஸ் மழைக்காலம் முழுக்க ஒழுங்காக நின்று நின்று ஓடிய பிறகு, மற்ற பஸ்களும் ஒவ்வொன்றாக வந்தன. இனிமேல் சனிக்கிழமை வர வேண்டாம்தானே என்று ஒருநாள் கேட்டேன். "ஏன், ஒனக்கு வேற எங்கிட்டுப் போற வேலை இருக்கு?" என்றார். அவர் இருக்கும்வரை போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் மரியாதையாக, "வாலிப வயசு, விடுங்க சார்" என்கிறார்கள். திட்ட வேண்டியவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அந்த வேலைக்கு நான் இன்னொரு ஆளை வைத்துக்கொள்ளவில்லை.