சேலம் ஜில்லாவில் இல்லாத நோய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்று காலை முதல் ஜில்லாவில் குடிகாரன் என்று ஒருவனும் கிடையாது. சர்க்காரே சொன்ன பிறகு யார் மறுப்பது?

மருதாசலத்தின் ஈரலுக்கு மட்டும் அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவன். இருபது வருஷம் குடித்தான். உத்தரவு வந்த அன்றே நிறுத்தியும் விட்டான். ஏழு மாதம் கழித்து வயிறு பானை மாதிரி வீங்கியது. பெண்டாட்டி சௌந்திரம் பயந்துபோய், காவிரிக்கரையில் இருந்த சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அவனைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது.

"என்ன உடம்புக்கு?"

"குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போச்சுங்க, சாமி."

டாக்டர் பதறி எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவாகப் பேசம்மா! இந்த ஜில்லாவில் குடி இல்லை. குடி இல்லாத இடத்தில் குடியால் வரும் நோய் எப்படி இருக்கும்? அதற்கான மருந்தெல்லாம் 'தேவையற்றவை' என்று மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தரம் இருமினார்.

"அந்தச் சுருட்டு ஆகாதுங்களே, சாமி?"

"புகையிலையைப் பற்றி உத்தரவு எதுவும் வரவில்லை. வந்தால்தான் அது கெடுதல்."

"அப்போ எங்க ஊட்டுக்காரரு கதி என்னங்க?"

"அக்கரை திருச்சி ஜில்லா. அங்கே குடி உண்டு. ஆகவே நோயும் உண்டு, மருந்தும் உண்டு."

அம்மாசியின் பரிசலில் ஏறி அக்கரைக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். "சேலம் ஜில்லாவில் இவன் குடித்திருக்க முடியாது. இங்கே குடித்ததாகக் கள்ளுக்கடைக்காரரிடம் எழுதி வாங்கி வா."

கள்ளுக்கடை வெங்கடாசலம் பெரிய நியாயஸ்தர். "பொய் எழுத மாட்டனுங்க. ஒரு மொந்தை குடிக்கட்டும், கையோட எழுதித் தாரேன்."

மொந்தை வந்தது. மருதாசலத்தின் கை அதை நோக்கி நீண்டது. சௌந்திரம் குறுக்கே பாய்ந்தாள்.

"ஏழு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது இதுக்குத்தானுங்களா?" என்று மொந்தையைப் பிடுங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மடமடவென்று தானே குடித்தாள். "மொந்தை காலிங்க. புருசன் பெண்டாட்டி ரெண்டும் ஒரே உசுருதானுங்க. எழுதுங்க!"

எழுதிக் கொடுத்தார். மருந்து கிடைத்தது. எட்டாம் நாள் அடுத்த புட்டிக்குக் கட்டாயம் வர வேண்டும், தவறினால் ஆள் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

எட்டாம் நாள் பரிசல் துறையில் திருவிழாக் கூட்டம். வைத்தியத்துக்கென்று டாக்டர் சீட்டோடு அக்கரை போய் வருகிறவர் மேல் கள்ளு வாடை அடித்தாலும் போலீஸ் பிடிக்காது என்ற செய்தி ஊரெங்கும் பரவியிருந்தது. ஊர் மணியகாரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். மதுவிலக்குக் கமிட்டிக் காரியதரிசி அர்த்தநாரி இரண்டு பேர் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு டாக்டர் சீட்டு கையில் இருந்தது.

"அம்மாசியண்ணா, எங்களுக்கும் எடம் குடுங்க" என்று சௌந்திரம் கெஞ்சினாள். மருதாசலத்தால் நிற்கக்கூட முடியவில்லை.

"சீட்டு இருக்குதா?" என்றான் அம்மாசி.

"இல்லீங்களே."

பரிசலில் சௌகரியமாக உட்கார்ந்திருந்த அர்த்தநாரி முனகலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "குடியை உட்டவனுக்கு அக்கரையில என்ன சோலி? நோயாளிகளுக்கே எடம் பத்தலை, ஆத்தா. கொஞ்சம் ஒதுங்கி நில்லு!"