மரகதத்தைத் தின்றது யார்?

அம்பத்தூர் வட்டாரத்திலேயே பிள்ளையாரை 'யோவ்' என்று கூப்பிட்ட மனிதர் ஒருவர்தான். பொரி நைனா. அவர் விற்றது பொரி. வாயைத் திறந்தாலும் பொரிந்துதான் தள்ளுவார்.

எழுபதுகளில் நான் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்குரூ கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதனடியில் பிள்ளையார், பக்கத்தில் நைனாவின் தள்ளுவண்டி. காலையில் சூடம் காட்டும்போதே சண்டை தொடங்கிவிடும்.

"யோவ், நேத்து மழை வாணாம்னு சொன்னேனா இல்லியா? காது மட்டும் மொறம் மாதிரி கீது. கேக்குதா?"

நான் யாரிடமும் பேசக் கூசுகிறவள். அங்கே தினமும் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான். பேச்சு என்றால் திட்டு. காசை நீட்டிக்கொண்டு சும்மா நிற்பேன். "இன்னாமே, வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு கீறே? பொரி வேணும்னு சொன்னா முத்தா உதுந்துடும்?" நான் சிரிப்பேன். அதற்கும் திட்டு.

நைனாவுக்குத் தொடர்கதைப் பைத்தியம். பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கும் பழைய வாரப் பத்திரிகைகளில்தான் படிப்பார். ஊரே படித்து முடித்து ஆறு மாதம் கழித்துத்தான் அவருக்குக் கதை வரும். படித்த தாள்கள் வண்டியில் ஆணியில் குத்தியிருக்கும். அவை பொட்டலத்துக்கு. படிக்காதவை பொரி மூட்டைக்கு அடியில். அவற்றைத் தொட்டால் கை மிஞ்சாது. வண்டியில் நீலப் பென்சிலால் கோணல் எழுத்தில் ஓர் அட்டை: 'கதெ சொன்னா பொரி கெடியாது.'

அரை டீயை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து அவர் படிக்கும்போது யார் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். "இர்ரா, இங்க ஒருத்தி சாவக் கெடக்குறா. உனக்குப் பொரி கேக்குதா?"

சாகக் கிடந்தவள் மரகதம், கதாநாயகி. பத்து வாரமாகக் காய்ச்சல். நைனா பிள்ளையாரிடம் அவளுக்காக வேண்டிக்கொண்டதை நானே கேட்டேன். வேண்டுதலா அது? மிரட்டல்.

"அவ பொழச்சா பதினோரு தேங்கா. செத்தா உனக்கும் எனக்கும் ஒண்ணும் கெடியாது. வண்டியக் குமணன்சாவடிக்குத் தள்ளிகினு பூடுவேன். நீ ஈ ஓட்டிகினு குந்து."

செய்யக்கூடியவர்தான். ஒருநாள் டீ ஆறியிருந்தது என்பதற்காக எதிர்க்கடையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் ஒரு மைல் நடந்துபோய் டீ குடித்தவர்.

ஒரு மாலை திடீரென்று மழை. அவசரத்தில் நைனா மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிப் பொட்டலம் மடித்து என் கையில் திணித்துவிட்டார். வீட்டில் பொரியைத் தின்றுவிட்டுத் தாளைப் பிரித்தேன். கடைசி அத்தியாயம். கடைசி வரி: 'மரகதம் கண்களை மூடினாள். பிறகு திறக்கவே இல்லை.'

எனக்கு வந்த கோபம்! அத்தனை வாரம் அவளைப் படுக்கப் போட்டு, கடைசியில் சாகடிக்க அந்த எழுத்தாளருக்கு எப்படி மனசு வந்தது? தாளைக் கசக்கி அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலை கம்பெனி கேட்டை மறித்துக்கொண்டு நின்றார் நைனா. கையில் பொரி அளக்கும் உழக்கு.

"யார்ரா என் மரகதத்தத் துண்ணது?"

ஷிப்டுக்கு வந்த முப்பது பேரும் நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன் சமாதானம் சொல்ல வந்தார். "அதுக்கு ஏன் நைனா இப்டி குதிக்கிறே? அந்தப் பொண்ணுதான் கடைசில..."

நான் வாட்ச்மேனின் காலை மிதித்தேன். செருப்போடு, நன்றாக அழுத்தி. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே ரவுடித்தனம் அது.

"தாள் எங்கிட்டதான் வந்திச்சு நைனா," என்றேன். "அடுப்புல விழுந்திடுச்சு. ஆனா படிச்சேன். மரகதம் பொழச்சிகினா."

நைனா என்னையே பார்த்தார். "கொழுக்கட்டைய முழுங்கிட்டியா?" என்றார். பிறகு பிள்ளையார் பக்கம் திரும்பி, "இத மொதல்லியே செய்யறதுக்கு இன்னாயா உனக்கு?" என்று கத்தினார்.

மத்தியானம் பதினோரு தேங்காய் உடைந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு. ஒரு சில்லு பறந்து வாட்ச்மேன் நெற்றியைப் பதம் பார்த்தது. பாவம், அன்றைக்கு அவருக்கு அது இரண்டாவது அடி.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் பொரியை வாங்கிக்கொண்டு மரத்தடியிலேயே பொட்டலத்தைப் பிரித்தேன். அதே கடைசி அத்தியாயம். பழைய பேப்பர் கட்டில் இன்னொரு பிரதி வந்திருக்கிறது. 'பிறகு திறக்கவே இல்லை' என்ற வரியைத் தாள் கிழியுமளவுக்கு நீலப் பென்சில் அடித்திருந்தது. கீழே அந்தக் கோணல் எழுத்து: 'தொறந்தா.'

நிமிர்ந்தேன். பிள்ளையார் தலையில் அன்று பறித்த அருகம்புல் இருந்தது. வண்டி அதே இடத்தில் நின்றது.

"இன்னாமே மொறச்சிகினு கீறே?" என்றார் நைனா, என் முகத்தைப் பார்க்காமல். "வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?"

"பொரி," என்றேன்.

கேட்காமலே இன்னும் ஒரு பிடி அள்ளி என் தாளில் போட்டார், திட்டிக்கொண்டே.