வெற்றிலைத் தட்டும் இருபத்தொன்றாம் பிரிவும்

நான் முதன்முதலில் வாதாடியது கோர்ட்டில் அல்ல, எங்கள் வீட்டுக் கூடத்தில். எதிர்த்தரப்பு ஒரு வெற்றிலைத் தட்டு.

திருச்சியில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டு அது. அடிப்படை உரிமைகள் அத்தனையும் மனப்பாடம். (அந்தப் பாடத்தில்தான் அரியர் என்பது வேறு விஷயம்.) விடுமுறைக்கு எங்கள் ஊர் வாலிகண்டபுரம் வந்ததும், அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்று அத்தை காதில் போட்டார். கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும். அக்காவுக்கு அப்படித்தான் நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அப்பாவுக்குத் தெரிந்த பெரியவர், அவர் மனைவி, இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் இளைஞர். தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு, குங்குமம். "காப்பி கொண்டாம்மா" என்றார் அப்பா. வேறு என்ன சாட்சி வேண்டும்?

காப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"அரசியலமைப்புச் சட்டம் இருபத்தொன்னாம் பிரிவுப்படி எனக்குத் தனிமனிதச் சுதந்திரம் இருக்குங்க. யாரக் கட்டிக்கிறது, எப்பக் கட்டிக்கிறதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். இவர நான் கட்டிக்க மாட்டேன்!"

இளைஞருக்குக் காப்பி புரையேறியது. காரிலிருந்து கைக்குழந்தையோடு அப்போதுதான் உள்ளே வந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேணாங்க. இவர நான் கட்டிக்கிட்டுப் படுற பாடே போதும்."

பெரியவர் தட்டில் பழத்துக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். "பேத்திக்குக் காதுகுத்தும்மா. சிறுவாச்சூர் கோயில்ல. அவசியம் வந்துடுங்க."

அடிப்படை உரிமைகளைப் பெரும்பாலும் அரசாங்கத்திடம்தான் கேட்க முடியும், பத்திரிகை வைக்க வந்தவரிடம் அல்ல. (அரியர் சும்மா விழவில்லை.) நான் அடுப்படியில் போய் ஒளிந்துகொண்டேன்.

அவர்கள் போனதும் அப்பா வந்தார். "வெள்ளிக்கெழம நெசமாவே ஒருத்தங்க வர்றதா இருந்துச்சு" என்றவர், என் எதிரிலேயே போன் போட்டார். "வராதீங்கண்ணே. பொண்ணு படிச்சு முடிக்கட்டும்."

பிறகு என்னைப் பார்த்தார். "இத என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேத்தாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அவரிடம் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு புத்தகம் சொன்னது. அதை எழுதிவைத்தவர்களுக்கும், கேட்டவுடன் இறங்கிவந்த அப்பாவுக்கும் நான் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன்.

இப்போது அரியலூர் கோர்ட்டில் வக்கீல். நான் சொன்ன நேரத்தில், நான் சொன்னவரோடு கல்யாணமும் ஆயிற்று. ஆனாலும் எங்கள் சொந்தக்காரர்கள் பத்திரிகை வைக்க வந்தால் வாசலிலேயே நின்று, "பொண்ணு பாக்க வரலங்க வக்கீலம்மா, காதுகுத்துதான்" என்று வாக்குமூலம் கொடுத்த பிறகே செருப்பைக் கழற்றுகிறார்கள்.